பழைய அணைக்கட்டு: ஒட்டுப்போடுவதா, புதிதாகக் கட்டுவதா?

ஆற்றுத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்பும் பழைய அணைக்கட்டில் முதலில் கண்ணில் படுவது மேல்முகட்டு விரிசலும் துருவேறிய ஷட்டரும். பெரும்பாலும் அணையைச் சாய்ப்பது அவை அல்ல. அடியில் ஊறிப்போகும் தண்ணீரும், கீழ்ப்புறத்தில், அதாவது அணையைத் தாண்டி ஆறு ஓடும் பக்கத்தில், வெள்ளம் பறிக்கும் பள்ளமும்தான். பணமெல்லாம் மேற்பூச்சுக்குப் போய்விட்டால், அடுத்த வெள்ளத்தில் அணையை ஒட்டிப் பாவிய கான்கிரீட் தளமே போகும்.

ஆற்றில் நீர் வடிந்திருக்கும்போது கீழ்ப்புறத்திலிருந்து சோதனையைத் தொடங்குங்கள். தளத்தின் கடைசி விளிம்புக்கு அடியில் கடப்பாரையைச் சாய்த்துக் குத்துங்கள். தடையில்லாமல் உள்ளே போனால் அங்கே மண் இல்லை. பிறகு தளம் முழுக்க மீட்டருக்கு ஒரு தட்டாகச் சுத்தியலால் தட்டுங்கள். கெட்டியாக 'ணங்' என்றால் சரி. காலிப் பானையைத் தட்டியதுபோல் ஒலித்தால் அடியில் வெற்றிடம். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு வையுங்கள்.

தளத்துக்கு அப்பால் சின்ன ஊற்றுகள் இருக்கின்றனவா? தெளிந்த நீரானால் கண்காணித்தால் போதும். வாயைச் சுற்றி மணல் வளையம் சேர்ந்தால் அடிமண் வெளியேறுகிறது என்று பொருள். பலர் அந்த வாயைக் கான்கிரீட்டால் அடைப்பார்கள். தண்ணீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும், தளத்துக்கு அடியில் மேல்நோக்கிய அழுத்தமும் ஏறும். பருமணல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் கல் என்று அடுக்குங்கள்: நீர் வரட்டும், மண் வரக்கூடாது.

அடுத்தது கணக்கு. கான்கிரீட்டின் அடிப்பக்கத்தை ஒட்டி நீர் ஊரும் தூரம், இருபுற நீர்மட்ட வித்தியாசத்தைப்போல் பருமணலில் 12 மடங்காவது இருக்கவேண்டும் என்பது பொறியாளர் பிளையின் (Bligh) பழைய விதி. வித்தியாசம் 2.5 மீட்டரென்றால் 30 மீட்டர். குறைந்தால் மேல்புறத்தில் வெட்டுச்சுவர் (மண்ணுக்குள் செங்குத்தாக இறங்கும் தடுப்புச்சுவர்) இறக்குங்கள். 3 மீட்டர் ஆழச் சுவரில் நீர் இறங்கி ஏறுவதால் 6 மீட்டர் கூடும். கீழ்ப்புறத்தில் மட்டும் இறக்கினால் மண் வெளியேறுவது குறையும், ஆனால் தளத்தைத் தூக்கும் அழுத்தம் கூடிவிடும்.

வட்டமிட்ட இடங்களில் 1.5 மீட்டர் இடைவெளியில் துளையிட்டு, சிமெண்டும் மணலும் சமமாகக் கலந்த தளர்ந்த கலவையை ஊற்றலாம். பம்பு அழுத்தம் வேண்டாம். 60 செ.மீ. தளத்தின் எடை சதுர செ.மீ.க்கு 0.15 கிலோதான், பம்பின் அழுத்தம் அதைத் தூக்கிப் பிளந்துவிடும். புனலைத் தளத்திலிருந்து ஒரு சாணுக்கு மேல் உயர்த்தாமல் ஊற்றுங்கள். பக்கத்துத் துளையில் கலவை தலைகாட்டியதும் நிறுத்துங்கள். நீர் கசியவென்றே விட்ட துளைகளில் கலவை புகுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழ்ப்புறப் பள்ளத்தின் ஆழத்துக்குப் பொறியாளர் லேசியின் (Lacey) சூத்திரம் உண்டு. மீட்டர் அகலத்துக்கு விநாடிக்கு 5 கனமீட்டர் வெள்ளமும் 0.3 மி.மீ. மணலும் என்றால், வெள்ள மட்டத்திலிருந்து சுமார் 4 மீட்டர். அணையின் கீழே அதை ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் எடுக்கவேண்டும். கல் பாவும்போது அடியில் ஜியோடெக்ஸ்டைலோ (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) ஜல்லி அடுக்கோ இல்லாவிட்டால், கல்லிடுக்கு வழியே மணல் உறிஞ்சப்பட்டுக் கல் மெல்லப் புதைந்துவிடும்.

அணையின் உடல் சாய்ந்திருந்தாலும், துளையிட்டு எடுத்த கான்கிரீட் கையில் உதிர்ந்தாலும், ஆற்றுப்படுகையே ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தாலும் ஒட்டுப்போடுவது வீண். படுகை தாழ்ந்த ஆற்றில், கீழ்ப்புறம் 20-க்கு 1 சரிவில் பெரிய கற்களால் சரிவுத்தளம் அமைத்தால் பள்ளமும் நிற்கும், மீனும் ஏறும். வாய்க்காலுக்கு நீர் விடும் தலைமதகை ஆற்றின் மேல்புறத்துக்கு நகர்த்தி வாய்க்காலை நீட்டினால் சில இடங்களில் உயரமான அணையே தேவைப்படாது. பம்பு வைத்தால் கட்டுமானச் செலவு குறையும், மின்சாரச் செலவு தீராது: விநாடிக்கு 100 லிட்டரை 5 மீட்டர் ஏற்ற ஏறக்குறைய 7.5 கிலோவாட் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும்.

புதிய மதகை ஆற்று வளைவின் வெளிக்கரையில், வளைவின் நடுவுக்குச் சற்றுக் கீழே வையுங்கள். மணல் உட்கரைக்கு ஒதுங்கும். மணற்போக்கியின் (படிந்த மணலை ஆற்றில் கழுவிவிடும் மதகு) அடிமட்டத்தைவிடத் தலைமதகின் அடிமட்டம் ஒரு மீட்டராவது உயர்ந்திருக்கட்டும். மணற்போக்கியைத் திறக்கும்போது தலைமதகை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் கலங்கிய மணல் வாய்க்காலுக்குள் வரும்.

புதிதை ஆற்றில் பாதி பாதியாகக் கட்டுங்கள். புதிய மதகில் தண்ணீர் ஓடிப் பார்க்கும்வரை பழையதை இடிக்காதீர்கள்.