கமடோர் 64-இல் நான்கு கெர்னல்கள், இரண்டு சுவிட்சுகள்

1980களின் வீட்டுக் கணினியான கமடோர் 64 வைத்திருப்பவருக்குக் கெர்னலை, அதாவது விசைப்பலகை, திரை, டிஸ்க் ஆகியவற்றைக் கையாளும் அடிப்படை நிரலை, மாற்றும் ஆசை பெரும்பாலும் ஜிஃபிடாஸ் என்ற மாற்றுக் கெர்னலால்தான் வருகிறது. 1541 டிஸ்க் டிரைவிலும் அதற்கான ரோமை (நிரல் நிலையாகப் பதிந்த ஐசியை) பொருத்தினால் டிஸ்க்கிலிருந்து ஏற்றும் வேகம் பல மடங்கு கூடும். ஆனால் அது கேசட்டுக்கான பகுதியை நீக்கிவிட்டுத் தனக்கு இடம் பிடித்துக்கொண்டதால், டேப்பில் உள்ளவற்றை ஏற்றப் பழைய கெர்னலே வேண்டும். 8 கிலோபைட் கொண்ட நான்கு பதிப்புகளை 32 கிலோபைட் 27சி256 ஈப்ராம் (அழித்து மீண்டும் எழுதக்கூடிய ரோம்) ஒன்றில் எழுதி, இரண்டு சுவிட்சுகளால் தேர்ந்தெடுப்பதே இங்கு சொல்லப்படும் வழி. கெர்னல் தனி ஐசியாக, யு4 என்ற இடத்தில் உள்ள பழைய பலகைகளுக்கு மட்டுமே இது பொருந்தும். பிற்காலச் சிறிய பலகையில் பேசிக் நிரல்மொழியும் கெர்னலும் ஒரே ஐசியில் இருக்கின்றன.

எதையும் தொடுவதற்கு முன் பழைய பவர் சப்ளையை மல்டிமீட்டரால் சோதியுங்கள். அதன் ரெகுலேட்டர் பழுதானால் 5 வோல்ட் இணைப்பில் மின்னழுத்தம் ஏறி, ராம் ஐசிகள் எரிந்துபோகும்.

சென்னை ரிச்சி தெருவில் ஐசி சாக்கெட்டும் ஸ்லைடு சுவிட்சும் எளிதில் கிடைக்கும். பழைய பலகைகளிலிருந்து கழற்றிய ஈப்ராம் கிடைத்தால், புற ஊதா விளக்கின்கீழ் பதினைந்து இருபது நிமிடம் வைத்து அழித்து, வெறுமையாக இருக்கிறதா என்று புரோகிராமரில் (ஈப்ராமில் எழுதும் கருவியில்) பார்த்துவிட வேண்டும். (நேரடி வெயிலில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அழியும் என்பது தயாரிப்பாளர்களின் கணக்கு, சித்திரை மாதத்து மொட்டைமாடி இருக்கும்போது விளக்கு எதற்கு என்று கேட்பவர்கள் முயன்று பார்க்கலாம்.) எழுதி முடித்ததும் கண்ணாடிச் சாளரத்தின்மேல் ஒளி புகாத ஸ்டிக்கரை ஒட்டுங்கள்.

கோப்புகளை ஒன்றாக இணைக்கும்போது வரிசையில் கவனம் தேவை. எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்கும்: 0-ஆம் பகுதியில் கமடோரின் சொந்தக் கெர்னலின் இரண்டாம் பதிப்பு, 1-இல் முதல் பதிப்பு, 2-இல் ஜிஃபிடாஸ், 3-இல் வழக்கமான மூன்றாம் பதிப்பு என்பது என் வரிசை. சுவிட்சு கம்பிகள் என்றைக்காவது அறுந்துபோனாலும் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் இரு முகவரிக் கால்களும் (26, 27) உயர்நிலையிலேயே, அதாவது 5 வோல்ட்டிலேயே, நிற்கும் என்பதால், கணினி கடைசிப் பகுதியான மூன்றாம் பதிப்பிலேயே எழும்.

பழைய ஐசிக்கு 24 கால்கள், ஈப்ராமுக்கு 28. ஆகவே 28 கால் சாக்கெட்டை 24 கால் சாக்கெட்டின்மேல், ஈப்ராமின் 14-ஆம் கால் கீழ் சாக்கெட்டின் 12-ஆம் துளைக்கு வருமாறு வைக்க வேண்டும். மேல் சாக்கெட்டின் 1, 2, 20, 23, 26, 27, 28 ஆகிய கால்களை முதலிலேயே வெளியே மடக்கிவிடுங்கள். மற்றவை நேராக இறங்கும். மடக்கியவற்றில் 23-ஆம் காலைக் கீழ் சாக்கெட்டின் 18-உடனும், 2-ஆம் காலை 21-உடனும், 1, 28 ஆகிய இரண்டையும் 24-உடனும் இணைக்க வேண்டும். 20-ஆம் கால் பக்கத்திலுள்ள மேல் சாக்கெட்டின் 22-ஆம் காலோடு சேரும். மீதமுள்ள 26, 27 இரண்டிலிருந்தும் தலா ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் 5 வோல்ட்டுக்கும், தலா ஒரு சுவிட்சு தரை இணைப்புக்கும் (கிரவுண்ட்) போகும். 26-ஆம் காலை மடக்காமல் விட்டால் அது நேரே 5 வோல்ட்டில் இறங்கிவிடும். சுவிட்சைப் போட்ட கணமே ஷார்ட். முதன்முறை நான் அப்படித்தான் விட்டிருந்தேன். மல்டிமீட்டரின் பீப் ஒலி காப்பாற்றியது.

பலகையில் ஐசி நேரடியாகப் பற்றவைக்கப்பட்டிருந்தால் பொறுமையாக ஈயத்தை உறிஞ்சி எடுத்து, அந்த இடத்தில் சாக்கெட் பொருத்துங்கள்; எடுத்த ஐசியைப் பத்திரப்படுத்துங்கள். பெட்டியில் துளையிடுவதை நான் ஏற்கமாட்டேன்: பின்புறத்தில் கேசட் போர்ட்டுக்கான இடைவெளியே கம்பிகளை வெளியே கொண்டுவரப் போதும்.

மின்சாரத்தை நிறுத்திய பிறகே சுவிட்சை மாற்ற வேண்டும், ஏனெனில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் அடியிலிருந்து ரோம் மாறினால் கணினி நின்றுவிடும். 65408-ஆம் நினைவக முகவரியைப் பேசிக்கின் பீக் (PEEK) கட்டளையால் படித்தால் முதல் பதிப்பு 170 என்றும், இரண்டாவது 0 என்றும், மூன்றாவது 3 என்றும் காட்டும். கண்ணால் பார்க்க விரும்பினால் திரையைத் துடைத்து, கர்சரைச் சில வரிகள் இறக்கி, 1024-ஆம் முகவரியில் 1 என்று போக் (POKE) கட்டளையால் எழுதுங்கள்: மூன்றாம் பதிப்பில் இடது மேல் மூலையில் ஏ எழுத்து எழும், இரண்டாம் பதிப்பில் எழுத்தின் நிறமும் பின்னணி நிறமும் ஒன்றாகிவிடுவதால் அங்கே எதுவும் தெரியாது.