சீட்டைக் குறைக்க ஓரத்தைச் சீவுங்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் என் குஷன் கடைக்குக் கால் எட்டாத பைக்கோடு வருபவர்கள், "அண்ணா, சீட்டில் இரண்டு அங்குலம் அறுத்துவிடுங்கள்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் உடனே கத்தியை எடுப்பதில்லை. ஓட்டும்போது போடும் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு வண்டியில் உட்காரச் சொல்வேன். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் சீட் உயரம் 805 மில்லிமீட்டர். ஆனால் காலைத் தரைக்கு எட்டவிடாமல் செய்வது பெரும்பாலும் டேங்கை ஒட்டிய இடத்தின் அகலம். தொடை விரிய விரியக் கால் குட்டையாகும்.

ஆகவே ரெக்சினைப் பிரித்து, தொடை படும் இரு பக்கமும் ஸ்பாஞ்சைச் சரிவாகச் சீவுங்கள். பேனாவால் கோடு போட்டு, ஆக்சா பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, உப்புத்தாளால் தேய்த்தால் போதும். உறையைச் சும்மா போர்த்தி உட்கார்ந்து பாருங்கள். இரண்டு முன்பாதங்களும் ஊன்றினால் நிறுத்திக்கொள்ளலாம். முழுப்பாதமும் பதிய வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள்தான் சீட்டைப் பாழாக்குகிறார்கள்.

அப்போதும் எட்டவில்லையென்றால் மேற்பகுதியில் கை வைக்கலாம். வெறுமனே அறுத்தால் அடித்தட்டு இடிக்கும். உட்காரும் இடத்தில் குழி எடுத்து, அடர்த்தியான ரீபாண்டட் ஸ்பாஞ்சை (துண்டு ஸ்பாஞ்சுகளை அழுத்தி ஒட்டியது) வைத்து ஒட்டி, அதன்மேல் மெல்லிய ஸ்பாஞ்ச் போடுகிறேன். கட்டைவிரலால் அழுத்தினால் தட்டு தட்டுப்படக் கூடாது. மெத்தென்ற ஸ்பாஞ்ச் கடையில் கைக்கு இதமாக இருக்கும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுவதற்குள் சாயம் வெளுத்துவிடும். மேற்பரப்பு முன்பக்கம் சரியவும் கூடாது. ஒவ்வொரு பிரேக்குக்கும் டேங்கில் போய் மோதுவீர்கள். ஆண்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஆம்பூர் பக்கத்தில் இருப்பதால் தோல் உறை கேட்பவர்கள் உண்டு. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்தால் தோல் விறைத்துவிடும், ரெக்சினே மேல். கறுப்பு வேண்டாம், மே மாதத்தில் சுடும் என்றும் சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

பின் ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தைக் குறைத்தாலும் வண்டி சற்றே தணியும். பின்னால் ஆள் ஏறும்போது மறுபடி இறுக்க வேண்டும். பின்னால் ஒற்றை ஷாக் அப்சார்பர் உள்ள சில மோனோ ஷாக் வண்டிகளில், அதைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்கை மாற்றித் தாழ்த்துவார்கள். அது மெக்கானிக் வேலை. முன்பக்கத்தையும் அதற்கேற்பத் தாழ்த்தாவிட்டால் வளைவில் வண்டி திரும்ப மறுக்கும். சைடு ஸ்டாண்டையும் குறைக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி நிமிர்ந்து நின்று லேசாகத் தட்டினாலே மறுபக்கம் விழும். தரை இடைவெளி குறைவதால் உங்கள் தெரு வேகத்தடையை அளந்துவிட்டே அந்தச் செலவில் இறங்குங்கள்.