ஊதிப் பார்த்துட்டு மாட்டுங்க: பழைய டர்போ காடிக்கு எலக்ட்ரானிக் பூஸ்ட் கன்ட்ரோலர்

மலேசியாவுல, கிள்ளான் பக்கம் மேருவில ஒரு கையுறைத் தொழிற்சாலையில எனக்கு மெயின்டெனன்ஸ் வேலை. நாள் முழுக்க சொலினாய்டு வால்வும் (கரண்ட்ல திறந்து மூடுற வால்வு) காத்துக் குழாயும்தான். அப்படிப்பட்ட நானே என் சொந்தக் காடியில வால்வைத் தலைகீழா மாட்டினேன். அந்தக் கதை பின்னால வரும்.

வண்டி நிஸான் செஃபிரோ ஏ31. உள்ளே ஹாஃப் கட்ல (வெட்டி விக்கிற பழைய பாதி வண்டி) இருந்து இறக்கின எஸ்ஆர்20டிஇடி எஞ்சின், சிவப்பு மூடி, டி25 டர்போ. எஞ்சின் மாத்தினதை புஸ்பாகோம்ல (வண்டிச் சோதனை நிலையம்) காட்டி, ஜேபிஜேயில (சாலைப் போக்குவரத்து இலாகா) வண்டிப் பத்திரமான கிராண்ட்ல ஏத்தியாச்சு. அதை முடிக்காம பூஸ்ட், அதாவது டர்போ எஞ்சினுக்குள்ள தள்ளுற காத்தோட அழுத்தம், ஏத்துற பேச்சே வேண்டாம். இன்னொண்ணு, இது பழைய வண்டிக்கான வேலை. இப்போ வர்ற டர்போ காடிகள்ல பூஸ்ட்டை ஈசியூவே (எஞ்சின் கம்ப்யூட்டர்) நடத்துது. அதுக்கு நடுவுல நாம வேற ஒரு பெட்டியைச் செருகினா ரெண்டும் சண்டை போடும். அந்த வண்டிகளுக்கு ரீமேப்தான், அதாவது ஈசியூ செட்டிங்கையே மாத்துறதுதான், வழி.

டர்போவில இருந்து ஒரு சின்ன ஹோஸ் வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்குப் போகும். வேஸ்ட்கேட்ங்கிறது எக்ஸாஸ்ட் புகையை வெளியே விடுற கதவு, அதை நகர்த்துறது ஆக்சுவேட்டர். ஆக்சுவேட்டர் உள்ளே ஒரு ஸ்பிரிங். என் வண்டியில சுமார் 0.5 பார் வந்ததும் ஸ்பிரிங் விட்டுக்கொடுக்கும், தண்டு நகரும், கதவு திறக்கும், புகையில ஒரு பங்கு டர்பைனைத் தொடாமலே வெளியே போயிடும். கன்ட்ரோலர் செய்யிறது ஒரு சின்னத் திருட்டு. அந்த ஹோஸ்ல போற காத்துல கொஞ்சத்தை வெளியே விட்டு, "இன்னும் அழுத்தம் வரல"ன்னு ஆக்சுவேட்டரை நம்ப வைக்குது. அதனால ஸ்பிரிங் அளவுக்குக் கீழே பூஸ்ட்டை இறக்க எந்தக் கன்ட்ரோலராலயும் முடியாது. 0.5 ஸ்பிரிங் போட்டுட்டு மழைக்கு 0.3 வேணும்னு கேட்டா கிடைக்காது.

பெட்டியைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி வண்டியைப் பாருங்க. இன்டர்கூலர் ஹோஸ் எல்லாம் இறுக்கமா இருக்கணும், பிளக் புதுசா இருக்கணும். நான் பிளக் இடைவெளியை 0.8 மி.மீ.க்குக் குறைச்சேன், டேங்க்ல ரான் 97. ஏர் ஃப்யூவல் (காத்து-பெட்ரோல் விகிதம்) பார்க்க ஒரு வைட்பேண்ட் மீட்டர் இல்லாம இந்த வேலையில இறங்காதீங்க. கன்ட்ரோலர் வாங்கக் காசு இருக்கு, மீட்டர் வாங்கக் காசு இல்லைன்னு சொன்னா, முதல்ல மீட்டரை வாங்குங்க, கன்ட்ரோலர் அடுத்த மாசம்.

பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு ஆரம்பிங்க. கன்ட்ரோலரோட வர்ற சொலினாய்டு வால்வை ஆக்சுவேட்டருக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட வைங்க, ஆனா எக்ஸாஸ்ட் சூடு படக்கூடாது. ஹோஸ் நீளமானா வால்வு சொல்றது ஆக்சுவேட்டருக்குத் தாமதமாத்தான் போய்ச் சேரும், பூஸ்ட் மீட்டர் ஊசி நிலைக்கு வராம ஆடும். வால்வோட வாய் கீழ்ப் பக்கம் பார்த்து இருந்தா உள்ளே தண்ணி தங்காது.

இப்போ முக்கியமான இடம். மூணு வாய் வால்வுல எது எதுன்னு அடிச்சிருக்கிற எண்ணை நம்பாதீங்க, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வால்வைக் கையில எடுத்து, கரண்ட் கொடுக்காம, ஒரு துண்டு ஹோஸ் சொருகி வாயால ஊதுங்க. கரண்ட் இல்லாதப்போ எந்த ரெண்டு வாய்க்கு நடுவுல காத்து போகுதோ, அதுல ஒண்ணு டர்போவோட கம்ப்ரஸருக்கு (காத்தை அமுக்குற பக்கம்), இன்னொண்ணு ஆக்சுவேட்டருக்கு; கரண்ட் கொடுத்தா மூணாவது வாயோட சேர்றதுதான் ஆக்சுவேட்டர் வாய். மூணாவது வாய் காத்தை வெளியே விடுறதுக்கு. இப்படி மாட்டினா ஃபியூஸ் போனாலும் வயர் அறுந்தாலும் பூஸ்ட் தானா ஸ்பிரிங் அளவுக்கு இறங்கிடும்.

நான் ஊதல. தினமும் பார்க்கிற வால்வுதானேன்னு ஒரு மிதப்பு. வாய் மாறிப்போச்சு, ஆக்சுவேட்டருக்குக் காத்தே போகல. மூணாவது கியர்ல மிதிச்சேன். ஊசி 0.5ஐத் தாண்டி, 0.8ஐத் தாண்டி, 1.1க்கு ஏறுது. காலை எடுக்கிறதுக்குள்ள பானட்டுக்குள்ள "டமார்". இன்டர்கூலர் ஹோஸ் கழண்டு தொங்குது. நான் அரைகுறையா இறுக்கின அந்த கிளாம்ப்தான் அன்னைக்கு என் பிஸ்டனைக் காப்பாத்துச்சு.

கன்ட்ரோலரோட பிரஷர் சென்சாருக்கு வேற இடத்துல இருந்து ஹோஸ் எடுக்கணும்: திராட்டிலுக்குப் பின்னால, இன்டேக் மேனிஃபோல்டுல. ஃப்யூவல் பிரஷர் ரெகுலேட்டர் ஹோஸை வெட்டி டி (மூணு முனை இணைப்பு) போடுறது சுலபம்தான். ஆனா அந்த டி கசிஞ்சா, பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் அழுத்தம் கூடவே ஏறாது, கலவை லீனாயிடும், அதாவது காத்துக்கு ஏத்த பெட்ரோல் இருக்காது. தனி நிப்பிள் இருந்தா அதையே எடுங்க. எல்லா முனையிலயும் கேபிள் டை.

வயரிங் பெரிய வேலை இல்ல. ஃபயர்வால்ல ரப்பர் குரோமெட் வழியா இழுங்க, எர்த்தை பெயின்ட் சுரண்டின இரும்புல கொடுங்க. பேட்டரியை மாட்டிட்டு, 12 வோல்ட் எடுக்கிற வயர்ல டெஸ்ட் லேம்ப் வெச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. சாவி திருப்பும்போது விளக்கு அணைஞ்சா அது ஆக்சஸரி லைன், வேற வயரைத் தேடுங்க. ஃபேக்டரி சொலினாய்டு இருக்கிற வண்டின்னா அதோட ஹோஸை மட்டும் விலக்குங்க. பிளக்கைக் கழட்டினா எஞ்சின் லைட் எரியலாம்.

செட்டிங்கை ரோட்டுல செய்யாதீங்க, ஒரு மணி நேரம் டைனோ (வண்டியை உருளை மேல ஓட்டி சக்தியை அளக்கிற மேடை) எடுங்க. முதல்ல ஓவர்பூஸ்ட் எச்சரிக்கையை வைங்க, நான் 0.9ல வெச்சேன். பெட்டி எந்த அளவுல காட்டுதுன்னும் பாருங்க: 1 பார்னா 100 கேபிஏ, 14.5 பிஎஸ்ஐ. அப்புறம் டியூட்டியை (சொலினாய்டுக்குக் கரண்ட் போற நேரத்தோட சதவீதம்) 0ல வெச்சு ஒரு ஓட்டம். ஊசி ஸ்பிரிங் அளவுல, எனக்கு 0.5ல, நிக்கணும். நிக்கலைன்னா அதுக்கு மேல ஒரு படி கூடப் போகாதீங்க, ஹோஸை மறுபடி பாருங்க. நின்னா 5, 5ஆ ஏத்துங்க. என் வண்டியில ஃபுல் பூஸ்ட்ல ஏர் ஃப்யூவல் 11.5 பக்கம் இருக்கணும், எண் ஏறினா லீன், 12.5ஐத் தொட்டா அங்கேயே நிறுத்திடுவேன். கெயின்ங்கிறது டர்போ சீக்கிரம் எழும்பறதுக்கு. அதைக் கடைசியா, கொஞ்சம் கொஞ்சமா. அதிகமானா ஊசி எகிறிக் குதிச்சுட்டுத்தான் இறங்கும்.

நான் 0.8ல நிறுத்திட்டேன். டி25 சின்ன டர்போ. 1 பாரைத் தாண்டினா சக்தியை விட சூடுதான் அதிகம் வரும். பக்கத்து வீட்டுத் தம்பி, "அண்ணே, 1.2 வைங்க, டைனோ சீட்டு நல்லா இருக்கும்"னான். சீட்டை ஃபிரேம் போடலாம் தம்பி, ஹெட் கேஸ்கெட்டை யார் போடுறதுன்னேன்.

கன்ட்ரோலரோட லோ பட்டன்ல 0.5. மழைக்கும், ஃபெடரல் ஹைவே நெரிசலுக்கும், வீட்டுக்காரம்மா ஓட்டுறப்பவும் அதுதான். வருஷத்துக்கு ஒரு தடவை ஹோஸ் முனைகளை ஒரு செ.மீ. நறுக்கிட்டு மறுபடி மாட்டுறேன். சூட்டுல முனை விரிஞ்சு லூசாயிடுது. அப்படி மாட்டும்போதெல்லாம் வால்வை ஒரு தடவை ஊதியும் பார்த்துடுறேன்.