இழுப்பறையில் உறங்கும் நோக்கியா 5800: படங்களையும் எண்களையும் மீட்பது எப்படி?

2008 அக்டோபரில் அறிமுகமான நோக்கியா 5800 எக்ஸ்பிரஸ் மியூசிக், அதன் தம்பிகளான 5230, 5233 எல்லாம் சிம்பியன் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடிய தொடுதிரைக் காலத்துப் போன்கள். வீட்டில் ஒன்று கிடந்தால், அதிலுள்ள படங்களையும் தொலைபேசி எண்களையும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். பேட்டரி நமக்காகக் காத்திருக்காது.

முதல் வேலை பேட்டரிதான். பின்மூடியைக் கழற்றி பிஎல்-5ஜே பேட்டரியை எடுத்து மேசைமேல் வைத்துச் சுண்டிவிடுங்கள். பம்பரம் மாதிரி சுற்றினால் உப்பிவிட்டது என்று பொருள். அதைச் சார்ஜ் செய்யவே கூடாது. புதியது தேடும்போது, பின்னாளில் வந்த லூமியா 520-க்கும் இதே பேட்டரிதான் என்பது நினைவிருக்கட்டும். சார்ஜ் செய்ய சின்ன பின் சார்ஜர் வேண்டும். இந்த போனில் மைக்ரோ யுஎஸ்பி துளை இருந்தாலும் அது தகவல் பரிமாற்றத்துக்கு மட்டுமே. இது தெரியாமல் இரவு முழுக்கக் கேபிளைச் செருகி வைத்துவிட்டு, காலையில் போன் செத்துவிட்டது என்று முடிவுகட்டியவன் நான். பல ஆண்டுகள் காலியாகக் கிடந்த பேட்டரி என்றால், சரியான சார்ஜரைச் செருகிய பிறகும் திரையில் எதுவும் தெரியச் சற்று நேரமாகும்.

போன் லாக் கோடு கேட்டால் 12345 கொடுத்துப் பாருங்கள். யாரும் மாற்றாதவரை அதுதான். யாராவது *#7370# அழுத்தச் சொன்னால் மறந்தும் அழுத்தாதீர்கள், உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிடும்.

அடுத்து விரலைப் பழக்க வேண்டும். இது அழுத்தத்தை உணரும் திரை. இன்றைய போன் போல மெல்ல வருடினால் அசையாது. நகத்தால் அழுத்துங்கள், அல்லது 5800-இன் பின்பக்க மூலையில் செருகியிருக்கும் குச்சியை உருவிக்கொள்ளுங்கள். மெனு ஐகான்களை ஒருமுறை தொட்டால் போதும். பட்டியல்களிலோ முதல் தொடுதலில் அந்த வரி நிறம் மாறும், இரண்டாவது தொடுதலில்தான் திறக்கும். ஒரே போனில் இரண்டு சட்டம்! இதை வடிவமைத்தவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

இனி எண்கள். கான்டாக்ட்ஸ் பட்டியலில் ஆப்ஷன்ஸ் தொட்டு எல்லாவற்றையும் மார்க் செய்யுங்கள். பிறகு காப்பி என்பதில் மெமரி கார்டைத் தேர்ந்தெடுங்கள். கார்டில் 'அதர்ஸ்' ஃபோல்டருக்குள் 'கான்டாக்ட்ஸ்' ஃபோல்டரில் ஆளுக்கொரு விகார்டு ஃபைலாக (ஒருவரின் பெயரும் எண்ணும் அடங்கிய ஃபைல்) உட்கார்ந்துவிடும்.

படங்களில் ஒரு சிக்கல் உண்டு. கணினியில் மாஸ் ஸ்டோரேஜ் முறையில், அதாவது பென் டிரைவ் போல, இணைத்தால் கார்டு மட்டுமே தெரியும், போனின் சொந்த நினைவகம் தெரியாது. அதனால் முதலில் போனிலேயே ஃபைல் மேனேஜரைத் திறந்து, அந்த நினைவகத்தில் உள்ள படங்களைக் கார்டுக்கு நகர்த்துங்கள். 5800-இல் அந்த நினைவகம் வெறும் 81 எம்பி என்பதால் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் என் போனில் அங்கேதான் பாட்டியின் ஒரே சிரித்த படம் இருந்தது.

இப்போது கேபிளை இணைத்து, மாஸ் ஸ்டோரேஜ் தேர்ந்தெடுத்து, கார்டு முழுவதையும் கணினிக்கு நகலெடுங்கள். 'இமேஜஸ்' ஃபோல்டருக்குள் 200912 என்பது போன்ற பெயர்கள் இருக்கும்: 2009 டிசம்பர் என்று படிக்க வேண்டும். கேபிள் கிடைக்காவிட்டால் இடப்பக்கத்து மூடியைத் திறந்து கார்டையே உருவி, கார்டு ரீடரில் போடலாம்.

விகார்டு ஃபைல்கள் வெறும் எழுத்து ஃபைல்கள்தான். நோட்பேடில் திறந்து ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, ஒரே ஃபைலாகச் சேமித்து, கூகுள் கான்டாக்ட்ஸில் இம்போர்ட் கொடுத்தால் மொத்தமும் ஏறிவிடும். குறுஞ்செய்திகள் இந்த வழியில் வராது. வேண்டிய நாலைந்தை மட்டும் திரையில் திறந்து, புது போனால் படமெடுத்துக்கொண்டேன்.