டோக்கியோ – லாஸ் ஏஞ்சல்ஸ்: தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்கிடுவோம்

இணையத்தில் தேடினால் நொடியில் விடை கிடைத்துவிடும். ஆனாலும் ஒருமுறை கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். போக 10 மணி நேரம், திரும்பி வர பதினொன்றரைக்கும் மேல் என்று டிக்கெட்டில் ஏன் இருக்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும். செல்போன் கால்குலேட்டரே போதும்.

படி 1. இரு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். டோக்கியோவுக்கு ஹனேடா, நரிட்டா என்று இரண்டு உண்டு. நாம் ஹனேடாவை எடுத்துக்கொள்வோம்.
ஹனேடா: வடக்கு 35.55, கிழக்கு 139.78
லாஸ் ஏஞ்சல்ஸ்: வடக்கு 33.94, மேற்கு 118.41

படி 2. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்டுங்கள்: 258.19. இது 180-ஐத் தாண்டிவிட்டது. 360-லிருந்து கழித்தால் 101.81. பசிபிக் வழியாகப் போகும் குறுகிய பக்கம் இதுதான்.

படி 3. கால்குலேட்டர் 'டிகிரி'யில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பலருக்கும் விடை தப்புவது இங்கேதான்.
சைன் 35.55 × சைன் 33.94 = 0.325
கொசைன் 35.55 × கொசைன் 33.94 × கொசைன் 101.81 = −0.138
இரண்டையும் கூட்டினால் சுமார் 0.186. இதற்குத் தலைகீழ் கொசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) போட்டால் ஏறத்தாழ 79.3 டிகிரி. பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இரு ஊர்களுக்கும் இடையே உள்ள கோணம் இது. பூமியின் மேல் ஒரு டிகிரி சுமார் 111.2 கி.மீ. பெருக்கினால் ஏறத்தாழ 8,800 கி.மீ.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இரு ஊர்களும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில்தான் இருக்கின்றன. தட்டையான வரைபடத்தில் நேர் கிழக்காகக் கோடு போட்டு, அதன் வழியே போனால் 9,300 கி.மீ. ஆகும்! உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் வடக்கே வளைந்து ஏறி, நடுவழியில் வடக்கு அட்சரேகை ஏறத்தாழ 48 டிகிரியைத் தொட்டு இறங்கும். அந்த வளைவுதான் 500 கி.மீ. மிச்சம் பிடிக்கிறது. எனக்கு இந்தக் கணக்கிலேயே மிகவும் பிடித்த இடம் இது.

படி 4. பெரிய ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். அதில் காற்றையும் சேர்க்கவேண்டும். ஜப்பானுக்கு மேலே, மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம், அதாவது மிக உயரத்தில் வேகமாக வீசும் காற்று, பாய்கிறது. 1920-களில் வசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர் பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தார். சராசரியாக மணிக்கு 100 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

போகும்போது: 8,800 ÷ 1,000 = 8.8 மணி நேரம்.
திரும்பும்போது: 8,800 ÷ 800 = 11 மணி நேரம்.

ஓடுபாதை வரை ஊர்ந்துபோவது, மேலேறுவது, இறங்குவது ஆகியவற்றுக்காக இரண்டிலும் முக்கால் மணி நேரம் சேருங்கள். காற்று நாளுக்கு நாள் மாறுவதால் பாதையும் மாறும். திரும்பும் விமானங்கள் எதிர்காற்றைத் தவிர்க்க இன்னும் வடக்கே, அலாஸ்கா பக்கமாகச் சுற்றுவதும் உண்டு.

படி 5. இறங்கும் நேரம். குளிர்காலத்தில் டோக்கியோ 17 மணி நேரம் முந்தியிருக்கும். அமெரிக்காவில் கோடைக்காலக் கடிகாரம் நடக்கும் மாதங்களில் 16. ஜனவரியில் மாலை 5 மணிக்குக் கிளம்பி 10 மணி நேரம் பறந்தால், டோக்கியோவில் மறுநாள் அதிகாலை 3 மணி. அதிலிருந்து 17-ஐக் கழியுங்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் நீங்கள் இறங்குவது, கிளம்பிய அதே நாள் காலை 10 மணிக்கு.