ஐப்பசி மழையில் ரோஜா கவாத்து: ஏற்காட்டுக்குப் பயிற்சிக்கு வரும் தோட்டக்கலை மாணவர்களுக்கு

எங்கள் தோட்டத்துக்குக் களப்பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளில் பலரும் இணையத்தில் எடுத்த ஒரு பட்டியலோடு வருகிறார்கள். அக்டோபர், நவம்பர் என்ற தலைப்பின் கீழ் உதிர்ந்த இலையைக் கூட்டுவது, டேலியா கிழங்கைத் தோண்டி வைப்பது, உறைபனி வருமுன் மூடாக்குப் போடுவது என்று போகும். அதெல்லாம் குளிர்நாட்டுக் கணக்கு. ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் அந்த இரண்டு மாதமும் மழையும் மூடுபனியும்தான். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே கையைப் பிடிக்கிற வேலை ரோஜா கவாத்து, அதாவது கிளைகளை வெட்டி ஒழுங்குபடுத்துவது. அதைவிடப் பெரிய வேலை, வெட்டிய இடம் அழுகாமல் காப்பது.

ரோஜா வகைகளில் ஹைப்ரிட் டீ எது, புளோரிபண்டா எது, ஒட்டு எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் உங்கள் பாடத்தில் இருக்கிறது. அதைத் தொடவில்லை. வகுப்பில் ஒரு வரியில் கடந்து போகிற, தோட்டத்தில் அரை நாளைத் தின்கிற விஷயங்களை மட்டும் எழுதுகிறேன்.

நாள் பார்ப்பது

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகும். கவாத்துக்கும் இதே மாதங்களைத்தான் புத்தகம் சொல்கிறது. அதனால் மாதம் பார்க்காதீர்கள், இடைவெளி பாருங்கள். தீபாவளியை ஒட்டி இரண்டு, மூன்று நாள் வானம் வெளுக்கும் பாருங்கள், அதுதான் நேரம். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தால் கத்தரியை உறையிலேயே வைத்துவிடுங்கள். காலையில் பனி விலகி இலையில் ஈரம் காய்ந்த பிறகு தொடங்க வேண்டும். ஏற்காட்டில் அதற்குப் பத்து, பத்தரை ஆகிவிடும். விடுதியில் இருந்து ஆறு மணிக்கே கிளம்பி வந்து நிற்பதில் பயன் இல்லை. நிதானமாக டீ குடித்துவிட்டு வாருங்கள்.

வெட்டியதில் இருந்து பூ வர சமவெளியில் ஆறேழு வாரம். மலைக் குளிரில் இன்னும் கொஞ்சம் இழுக்கும். நவம்பர் நடுவில் வெட்டினால் பொங்கலை ஒட்டிப் பூ பார்க்கலாம்.

கருவி

பைபாஸ் வகைக் கத்தரி மட்டும் வாங்குங்கள். இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசித் தாண்டிப் போகும் வகை அது. ஒரு அலகு தட்டையான பட்டையில் போய் உட்காரும் ஆன்வில் வகை, காய்ந்த குச்சிக்கு நல்லது. பச்சைத் தண்டை நசுக்கிவிடும். நசுங்கிய தண்டு இந்த ஈரத்தில் கருகாமல் தப்பாது. விலை மலிவு என்று மாணவர்கள் கொண்டு வருவது பெரும்பாலும் இரண்டாவது வகைதான்.

கையுறைக்கு என் சிபாரிசு, தோட்டக் கடையில் தொங்குகிற பூப்போட்ட துணி உறை இல்லை. வெல்டிங் பட்டறைக்காரர்கள் போடுகிற தோல் உறை. சேலத்தில் ஹார்டுவேர் கடைகளில் கேட்டாலே கிடைக்கும். முழங்கைக்குப் பாதி வரை வரும், முள் ஏறாது.

செடிக்குச் செடி அலகைத் துடைக்கச் சின்னப் புட்டியில் ஸ்பிரிட். பிளீச்சிங் கரைசல் வேண்டாம், அலகு துருப்பிடிக்கும்.

கத்தரிக்கு முன்னால் மண்வெட்டி

கோடையில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று செடியைச் சுற்றிக் கிண்ணம்போல் பாத்தி கட்டியிருப்போம். அதை முதலில் உடையுங்கள். சரிவின் கீழ்ப்பக்கம் கரையை வெட்டிவிட்டு, அடியில் மண்ணைக் கொஞ்சம் அணைத்து, தண்ணீர் ஓடப் பாதை விடுங்கள். கவாத்துக்கு முன் வேரைத் திறந்து சில நாள் வெயில் காட்டும் முறை ஒன்றைப் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். வறண்ட ஊருக்கு அது சரி. இங்கே ஐப்பசியில் வேரைத் திறந்தால் வெயில் வராது, தண்ணீர்தான் வரும். செய்யாதீர்கள்.

வெட்டு

முதலில் காய்ந்தது, அடுத்து நோய் பட்டது, அப்புறம் நடுவில் ஒன்றோடொன்று உரசுகிறது. இந்த மூன்றையும் எடுத்த பிறகு எட்டி நின்று பாருங்கள். நல்ல தடிமனான கிளை நாலைந்து இருந்தால் போதும். அவற்றை முழங்கால் உயரத்தை ஒட்டி, ஒன்றரை அடியில் இருந்து இரண்டு அடிக்குள் நிறுத்துங்கள்.

வெளிப்பக்கம் பார்த்த கணு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள். சாய்வின் தாழ்ந்த பக்கம் கணுவுக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். மழைத்துளி கணுவின் மேல் வழியாமல் மறுபுறம் இறங்குவதற்காகத்தான் இந்த ஏற்பாடு. வெட்டியதும் குனிந்து வெட்டுவாயைப் பாருங்கள். தண்டின் நடுச்சோறு வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ இருந்தால் சரி. காபித்தூள் நிறத்தில் ஒரு பொட்டு தெரிந்தால், நுனியில் தொடங்கிக் கீழே இறங்கும் நுனிக்கருகல் நோய் உள்ளே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு கணு கீழே இறங்கி வெட்டுங்கள், மறுபடி பாருங்கள், வெள்ளை தெரியும் வரை இறங்குங்கள். உயரம் குறைகிறதே என்று பழுப்போடு நிறுத்தினால், வெட்டிய உழைப்பு வீண்.

ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே இருந்து கிளம்புகிற காட்டு ரோஸ் (ஒட்டுக்கு வேராக வைத்த செடி) துளிரைக் கத்தரியால் வெட்டக் கூடாது. மண்ணை விலக்கி, அடியோடு கீழ்நோக்கிக் கிழித்தெடுக்க வேண்டும். வெட்டினால் அதே இடத்தில் நாலாகத் துளிர்க்கும். ஏழு சிற்றிலை இருந்தால் காட்டு ரோஸ், ஐந்து இருந்தால் ஒட்டு ரோஸ் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். நம்ப வேண்டாம், நல்ல ஒட்டு ரகங்களிலும் ஏழு இலை வரும். எங்கே இருந்து கிளம்புகிறது என்று விரலால் தடவிப் பார்ப்பதுதான் சரியான வழி.

போர்டோ பசை: எல்லோரும் தடுக்கி விழுகிற இடம்

வெட்டுவாயில் பூஞ்சை ஏறாமல் இருக்கப் பூச வேண்டியது பத்து சதவீத போர்டோ பசை. 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 100 கிராம் சுண்ணாம்பு, 1 லிட்டர் தண்ணீர். அளவு எல்லோருக்கும் மனப்பாடம். பூசிய பசை இரண்டு நாளில் மழையில் கரைந்து போகிறது, அல்லது கிளை நுனி தீய்ந்து போகிறது. ஏன் என்றுதான் யாருக்கும் தெரிவதில்லை. என் தோட்டத்திலும் இது நடந்தது. அளவிலோ கலக்கும் விதத்திலோ குறை இல்லை, சிக்கல் சுண்ணாம்பில் இருந்தது.

போன வருடம் வாங்கி ஷெட்டில் வைத்த சுண்ணாம்பு மூட்டை பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும். ஏற்காட்டு ஈரக்காற்றில் அது கரியமில வாயுவை இழுத்து வெறும் சாக்குத்தூளாக மாறியிருக்கும். அதற்கு மயில்துத்தத்தை முறிக்கிற சக்தி கிடையாது. முறியாத செம்பு பச்சைத் திசுவைச் சுடும்.

அதனால் பொடியாக வாங்காமல் சுட்ட கல்சுண்ணாம்பாக வாங்குங்கள். சேலத்தில் இருந்து மலை ஏறும் அன்றே வாங்கி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிக்கொண்டு வாருங்கள். சோதனை சுலபம்: ஒரு சிறு கட்டியைத் தண்ணீரில் போட்டதும் சீறிக் கொதித்து உடைந்து பொங்கினால் உயிர் இருக்கிறது. சும்மா கிடந்தால் கோலம் போடக் கொடுத்துவிடுங்கள்.

செய்முறை இதுதான். முதல் நாள் மாலை மயில்துத்தத்தைப் பொடித்து, துணியில் முடிந்து, அரை லிட்டர் தண்ணீரின் மேல்மட்டத்தில் முங்கும்படி தொங்கவிடுங்கள். கரைந்தது கனமாகி அடியில் இறங்க, புதுத் தண்ணீர் மேலே வந்து மீதியைக் கரைக்கும். அடியில் போட்டுக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. இதற்கு பிளாஸ்டிக் வாளி அல்லது மண்பானை. இரும்பு, தகரம், அலுமினியம் எதுவும் ஆகாது. சுண்ணாம்பை வேறொரு மண்பானையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துத் தாளித்து (நீற்றி), மொத்தம் அரை லிட்டர் ஆக்கி ஆறவிடுங்கள். தாளிக்கும்போது முகத்தை மேலே நீட்டாதீர்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் தெறித்தால் சும்மா போகாது.

மறுநாள் காலை சுண்ணாம்பு நீரை வடிகட்டிவிட்டு, நீலக் கரைசலை மெல்ல மெல்ல அதில் ஊற்றிக்கொண்டே மரக்குச்சியால் கலக்குங்கள். நீலத்தைத்தான் வெள்ளையில் ஊற்ற வேண்டும். வரிசை மாறினால் துகள் கரடாகிப் பசை ஒட்டாது. வானநீலத்தில் தயிர் பதத்துக்கு வரும்.

இப்போது கத்திச் சோதனை. உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பு அரிவாளின் நுனியைக் கலவையில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் முறியாத செம்பு இன்னும் இருக்கிறது. கொஞ்சம் சுண்ணாம்பு நீர் சேர்த்து மறுபடி பாருங்கள். இரும்பு இரும்பாகவே வெளியே வந்தால் கலவை தயார். அன்றைக்கே பயன்படுத்த வேண்டும், நாளைக்கு ஆகாது.

இந்தக் கலவைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பிரான்சில் போர்டோ பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர்கள், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமல் இருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்து வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வராததை 1882இல் கவனித்தவர் மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர். 1885இல் அதை முறையாக வெளியிட்டார். திருடனுக்குக் கட்டிய வேலி பூஞ்சைக்கு வேலியாயிற்று.

பசையை வெட்டிய அன்றே, பழைய பெயின்ட் பிரஷ்ஷால், வெட்டுவாயும் அதற்குக் கீழே ஒரு விரல்கடை அளவும் மூடும்படி பூசுங்கள். கீழே இருக்கிற கணுவின் மேல் அப்பிவிடாதீர்கள்.

வெட்டிய பிறகு

கரும்புள்ளி விழுந்த இலைகள் அடியில் கிடந்தால் ஒன்று விடாமல் பொறுக்குங்கள். கரும்புள்ளி நோயின் பூஞ்சை முளைக்க இலை ஏழு மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தால் போதும். ஏற்காட்டு மூடுபனி ஒரே ராத்திரியில் அதைக் கொடுத்துவிடும். பொறுக்கியதை மக்குக் குழியில் போடாமல் எரித்துவிடலாம். மழையில் எரியாவிட்டால் தள்ளி ஆழமாகப் புதையுங்கள்.

கவாத்துக்குப் பின் செடிக்கு 10 கிலோ தொழுவுரமும், தழை, மணி, சாம்பல் சத்து (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ்) முறையே 6, 12, 12 கிராமும் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. தொழுவுரத்தை உடனே வைக்கலாம். தழைச்சத்தை மட்டும் நான் மழை ஓய்ந்து, துளிர் ஒரு அங்குலம் வந்த பிறகு இரண்டாகப் பிரித்து வைக்கிறேன். கொட்டுகிற மழையில் வைத்த யூரியா சரிவில் இறங்கிப் போய்விடும். காப்பித் தோட்டம் பக்கத்தில் இருந்தால் உரத்துக்குக் காப்பிப் பழத்தோல் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் நன்றாக மக்கிய பழசைக் கேளுங்கள். நவம்பரில் காப்பிப் பழம் பறிப்புத் தொடங்கிவிட்டால் எஸ்டேட்டில் யாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது, முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு மாணவர்கள் கேட்ட சிலவற்றைச் சேர்க்கிறேன்.

"கல்சுண்ணாம்பு கிடைக்கவில்லை, எஸ்டேட்டில் டோலமைட் மூட்டை இருந்தது, அதைப் போட்டோம்" என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். கூடாது. மலையில் மண் புளிப்பைக் குறைக்க எல்லோரும் டோலமைட் வைத்திருப்பார்கள், அது மண்ணுக்குத்தான். அது சுடாத கல்லின் தூள், மயில்துத்தத்தை முறிக்காது. சுண்ணாம்பே கிடைக்காத நாளில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற செம்புப் பூஞ்சைக்கொல்லித் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துப் பூசுங்கள். நீண்ட நாள் நிற்காது, ஆனால் தீய்க்காது.

கத்தியில் நிறமே மாறவில்லை, ஆனாலும் நுனி தீய்ந்தது என்றவர் சமையலறை எவர்சில்வர் கத்தியை முக்கியிருக்கிறார். அதில் செம்பு சரியாகப் படியாது. சாதாரண இரும்புதான் வேண்டும். துத்தநாகம் பூசாத ஆணி இருந்தாலும் போதும்.

மாடித் தொட்டி ரோஜாவுக்கு இது பொருந்துமா என்று சேலத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டார். பொருந்தும். டவுனில் வெயில் சீக்கிரம் வருவதால் நாள் பார்ப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை. தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று மட்டும் முதலில் குச்சி விட்டுப் பாருங்கள்.

மிச்சமான பசையை என்ன செய்வது என்பதுதான் அதிகம் பேர் கேட்டது. ஓடையிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள், செம்பு மீனுக்கு விஷம். தோட்டத்தில் ஆரஞ்சு, எலுமிச்சை மரம் இருந்தால் அடித்தண்டில் தரையில் இருந்து இரண்டடி உயரம் வரை பூசிவிடுங்கள். மழைக்காலத்தில் பிசின் வடிகிற நோய்க்கு அதே பசைதான் மருந்து.