ஸ்க்ரோல் சா அதிர்கிறதா? ஸ்ட்ரோக் நீளத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள்

மெல்லிய பிளேடை மேலும் கீழும் ஆட்டி மரத்தில் வளைவுகளை அறுக்கும் மெஷின்தான் ஸ்க்ரோல் சா. அதை வாங்கப் போகிறவர்களுக்குத் தவறாமல் கிடைக்கும் அறிவுரை ஒன்று: "ஸ்ட்ரோக் நீளமா இருந்தா மெஷின் ஆடும், சின்னதா பார்த்து வாங்கு." இது பாதி உண்மைதான்.

பிளேடு மேலிருந்து கீழே இறங்கும் தூரமே ஸ்ட்ரோக். வீட்டில் வைத்துக்கொள்ளும் மெஷின்களில் பெரும்பாலும் 15 முதல் 20 மி.மீ. வரை இருக்கும். விலை கூடியவற்றில் 30 மி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. பிளேடோடு அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப், கிளாம்பைத் தாங்கி ஆடும் கையான ஆர்ம் எல்லாமே ஒவ்வொரு முறையும் மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வந்தாக வேண்டும். அப்படித் திரும்பும்போது எழும் விசைதான் மேஜை வரை வந்து உதைக்கிறது. ஸ்ட்ரோக் இரண்டு மடங்கானால் அந்த விசையும் இரண்டு மடங்காகும். ஆனால் வேகம், அதாவது நிமிடத்துக்கு ஓடும் ஸ்ட்ரோக் எண்ணிக்கை, இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகிவிடும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

19 மி.மீ. ஸ்ட்ரோக்கை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 800 முறை ஓடினால் பிளேடின் உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறத்தாழ 7 மடங்கு. 1600க்கு ஏற்றினால் 27 மடங்கு. 800இல் பிளேடு அறுக்கும் அதே வேகத்தை 38 மி.மீ. ஸ்ட்ரோக்கில் நிமிடத்துக்கு 400 முறை ஓட்டியும் பெறலாம். அப்போது முடுக்கம் மூன்றரை மடங்குதான், 800இல் இருந்ததில் பாதி. ஆக, நீள ஸ்ட்ரோக்கை மெதுவாக ஓட்டினால் ஆட்டம் குறையவே செய்யும். குட்டை ஸ்ட்ரோக் வாங்கிவிட்டு, அறுப்பு மந்தமாக இருக்கிறதென்று வேகத்தை உச்சத்தில் வைப்பவர்கள்தான் வீணாக அதிர்வை வாங்கிக்கொள்கிறார்கள். ஒரே இடத்துப் பற்களே தேய்ந்து பிளேடும் சீக்கிரம் மழுங்கும்.

வேகத்தை மாற்ற முடியாத மெஷின்கள் வேறு கதை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் நான்கு துருவ இண்டக்‌ஷன் மோட்டார் எப்போதும் நிமிடத்துக்குச் சுமார் 1400 சுற்றிலேயே ஓடும். மோட்டார் நேராக ஆர்மை ஆட்டினால் ஸ்ட்ரோக் எண்ணிக்கையும் அதுவே. அதைக் குறைக்கிறேன் பேர்வழி என்று ஃபேன் ரெகுலேட்டரை மாட்டாதீர்கள். மோட்டார் உறுமும், சூடேறும், சுமை வந்ததும் திணறும். இந்த வகையில் மட்டும் குட்டை ஸ்ட்ரோக் உண்மையிலேயே நிம்மதி.

இரண்டு மெஷின்களின் ஸ்ட்ரோக்கை மட்டும் ஒப்பிடுவதும் தவறு. மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் இரண்டும் முழு நீளத்துக்கு ஆடுகிற அமைப்பில் அசையும் எடை அதிகம். பேரலல் லிங்க் அமைப்பில் முன்பக்கத்துச் சின்னத் துண்டுகள்தான் ஆடும். உள்ளே ஓடும் தண்டுகள் கொஞ்சமே நகரும். அதனால் ஸ்ட்ரோக் ஒன்றாக இருந்தாலும் அதிர்வு குறைவு. கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லி, மேஜையில் கை வைத்துப் பார்ப்பதே நல்லது.

சில மெஷின்களில் ஸ்ட்ரோக்கை மாற்றிக்கொள்ள இரண்டு துளைகள் இருக்கும். நீளமான நிலைக்கு மாற்றிவிட்டுப் பழைய வேகத்திலேயே ஓட்டக் கூடாது. மோட்டார் தண்டோடு சுழலும் எடையைக் கூட்டி அதிர்வைச் சமன் செய்யலாம் என்று இறங்குவதும் வேண்டாத வேலை. மேல்கீழ் ஆட்டம் அடங்கும் அளவுக்கு முன்பின் ஆட்டம் கிளம்பும்.

அப்புறம், மரம் துள்ளுவதை மெஷின் அதிர்வோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மெல்லிய பிளைவுட்டுக்குப் பெரிய பல் பிளேடு போட்டாலோ, பிளேடு தளர்ந்திருந்தாலோ மேலே ஏறும் பிளேடு மரத்தையும் தூக்கும். மரம் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள்; ஆட்டம் நின்றுவிட்டால் பிளேடைத்தான் கவனிக்க வேண்டும்.

மரம் இல்லாமலும் ஆடினால் வேகத்தை மெல்ல ஏற்றிப் பாருங்கள். குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் சத்தம் கூடினால் அது மேஜையின் ஒத்ததிர்வு, அதாவது அந்த வேகத்துக்கு மேஜையும் சேர்ந்து அதிர்வது. வேகத்தைச் சற்று ஏற்றியோ இறக்கியோ தாண்டிவிடலாம். எல்லா வேகத்திலும் ஆடினால் மெஷினைக் கனமான மேஜையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். நடுவே மெல்லிய ரப்பர் போதும். தடித்த ஸ்பாஞ்சில் வைத்தால் சத்தம் அடங்கும், மெஷின் இன்னும் தள்ளாடும்.